பத்தாவது ஆள்

"ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல…"

மெண்டெல் சித்தப்பா அறையிலிருந்த ஆண்களை எண்ணிக்கொண்டு வந்தார். மனிதர்களை நேராக எண்ணினால் ஆகாது. இல்லை இல்லை என்று சொல்லித்தான் எண்ண வேண்டும்.

அவன் தலைக்கு மேல் விரல் நின்றது.

"ஒன்பது இல்ல."

அவன் குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தான். வெறும் காலுறை. டிசம்பர் மாதத்துத் தரை. குளிர் தெரியவில்லை.

துக்க வழக்கப்படி கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். பியானோவையும் யாரோ சாத்திவிட்டிருந்தார்கள்.

அப்பாவைப் புதைத்து நான்கு நாள். இன்னும் அழுகை வரவில்லை.

பத்து யூத ஆண்கள் கூடினால்தான் மகன் தகப்பனுக்கான ஜெபத்தைச் சொல்லலாம். அதுவும் இருட்டுவதற்குள். புரூக்ளின் முழுக்கப் பனி. வருவதாகச் சொன்ன மருந்துக்கடைக்காரரைக் காணோம்.

ஜன்னல் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

துக்க வீட்டின் கதவைத் தாழிட மாட்டார்கள். வருகிறவர் தட்டாமலே வரலாம்.

கதவு திறந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

சிவப்புக் குல்லாய் போட்ட நான்கு பேர். கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள். ஒருக்களித்த கதவை வரவேற்பு என்று நினைத்துவிட்டார்கள். வாசலில் நின்றபடியே பாட ஆரம்பித்தார்கள்.

அவன் பாட்டு.

பதினோரு வருடத்துக்கு முன் அந்தப் பியானோவில் எழுதியது. கிறிஸ்துமஸ் மரத்தில் என்னென்ன தொங்கவிடுவார்கள் என்று பால்காரரிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. இப்போது டிசம்பர் வந்தால் தெருவெல்லாம் அதுதான்.

அப்பா யூத ஜெப ஆலயத்தில் பாடியவர். அந்தப் பாட்டு ரேடியோவில் வந்த நாளோடு மகனிடம் பேச்சை நிறுத்தினார். கடைசிவரை பேசவில்லை.

யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் காலுறையிலிருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு யாரோ எழுதியது மாதிரி இருந்தது.

"போதும்பா, நிறுத்துங்க." சித்தப்பா எழுந்தார். "சாவு வீடு இது."

பாட்டு பாதியில் நின்றது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மூன்று பேர் படியிறங்கினார்கள்.

நான்காமவர் அசையவில்லை. ஐம்பது வயதிருக்கும். மூடிய கண்ணாடியைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். பிறகு அவர் கண் ஒவ்வொரு தலையாக நகர்ந்தது. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

இல்லை. இல்லை. இல்லை.

"ஒருத்தர் குறையுதோ?"

சித்தப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ நம்மாளா?"

"எங்க அப்பாவும் ஜெப ஆலயத்துல பாடினவர்தான். டிசம்பர்ல மட்டும் எனக்கு இந்தப் பொழப்பு."

குல்லாயைக் கழற்றிப் பைக்குள் திணித்தார். உள்ளே நல்ல வழுக்கை. வெறுந்தலையோடு ஜெபத்தில் நிற்க முடியாது. மாற்றுத் தொப்பிக்காகச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

சித்தப்பா ஜன்னலைப் பார்த்தார். வெளிச்சம் நூலளவுதான் மிச்சம்.

"அண்ணன் பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ." பெருமூச்சு விட்டார். "அதையே போட்டுக்கோ. தலை மூடியிருந்தா சரி."

ஒன்பது கறுப்புத் தொப்பிகள். நடுவில் ஒரு சிவப்புக் குல்லாய், நுனியில் வெள்ளைப் பஞ்சு உருண்டை.

சித்தப்பாவின் விரல் அதற்கு மேல் வந்து நின்றது.

"பத்து இல்ல."

பிறகு அவன் பக்கம் திரும்பினார். "எழுந்திரு. உங்கப்பாவுக்குச் சொல்லு."

அவன் எழுந்து நின்றான்.

தரை சில்லென்றிருந்தது.