கரிக் கண்ணாடி

"பூவலிங்கம் மகன் சுடலைமுத்து உடனே வெளியே வரவும்னு ஸ்லைடு போடு" என்றான் புரொஜெக்டர் அறைக்குள் நுழைந்த வெளியூர்க்காரன். அவன் குனிந்தபோது சட்டைக் காலருக்குப் பின்னால் அரிவாள் பிடி துருத்திக்கொண்டிருந்ததை ஆபரேட்டர் பார்த்தார். கீழே கேட்டருகே இன்னும் மூன்று பேர் நின்றார்கள். "எங்களுக்கு அவன் முகம் தெரியாது. பேரைப் போட்டா தானா வந்து நிப்பான்ல."

ஆபரேட்டர் கண்ணாடித் துண்டைச் சிம்னி விளக்கின் மேல் காட்டினார். கரி படிந்ததும் ஊசியால் கீறி எழுதினார். மேல்வரியில் அப்பன் பெயர், அதன் கீழே மகனுக்கு அழைப்பு. வெளியூர்க்காரன் எழுத்துக்கூட்டிப் படித்துத் தலையாட்டினான். ஸ்லைடைத் தலைகீழாகத்தான் செருக வேண்டும். திருப்புகிற சாக்கில் ஆபரேட்டரின் கட்டைவிரல் மேல்வரியை ஒரே இழுப்பாக அழித்தது.

ஓடுகிற படத்தின் மேலேயே வெள்ளை எழுத்து விழுந்தது. வெளியூர்க்காரன் சுவர் ஓட்டையில் கண்ணை வைத்தான். பெஞ்சில் ஒருவன் எழுந்தான். தரை டிக்கெட்டில் நாலு பேர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்கள். அப்புறம் எண்ண முடியவில்லை. சுடலைமாடனுக்கு நேர்ந்து வீட்டுக்கு ஒரு பிள்ளைக்காவது அந்தப் பெயரை வைக்கிற ஊர் என்று, கூலிக்கு வந்தவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? வாசலில் கூட்டம் முண்டியடித்தது.

"யாருடா இவனுங்க எல்லாம்?"

திரும்பியவன் ஆபரேட்டரின் கரி பிடித்த கட்டைவிரலைப் பார்த்தான். அவன் கை மெல்லப் பிடரிக்குப் போனது.

"உன் பேரு என்ன?"

ஆபரேட்டர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சுடலைமுத்துதான், அண்ணாச்சி."