ஸ்டியரிங் வெளியே வந்தது

பந்தயக் கார் மோதி நின்றால் இருதயராஜ் ஸ்டியரிங்கைத்தான் தேடுவார். அதைத் தன் கையால் கழற்றி வெளியே வைக்காமல் ஓட்டுபவனால் இறங்க முடியாது. தன் டீமில் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோரிடம் அவர் முதலில் சொல்வதும் இதுதான்: "ஸ்டியரிங் வெளிய வந்துட்டா, பையனுக்கு ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

இன்று ஆதவனின் கார் தடுப்புச் சுவரில் மோதியது. அவரும் ஆதவனின் அப்பாவும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மீட்பு ஆட்கள் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். வெகுநேரம் கழித்து, புகைக்குள்ளிருந்து ஒரு கை ஸ்டியரிங்கைத் தூக்கிக் காரின் மேல் வைத்தது.

"வந்துடுச்சு சார்," என்று அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காலையில் ஆதவனுக்குச் சிவப்புக் கையுறைகளை இழுத்து மாட்டிவிட்டது இருதயராஜ்தான். திரையில் தெரிந்தது வெறுங்கை, மணிக்கட்டில் கடிகாரம்.

"ஆமா சார், வந்துடுச்சு," என்று சொல்லி இருதயராஜ் திரையை அணைத்தார்.