சிரித்துக்கொண்டே பேசுகிற மொழி

தலைமையாசிரியை ஒரு சிவப்புக் கட்டையைத் தூக்கிக் காட்டி, இது என்ன நிறம் கண்ணு என்று கேட்டார்.

குட்டி கட்டையைப் பார்த்தாள். கேட்டவரைப் பார்த்தாள். பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அம்மாக்காரி பின்னாலிருந்து குட்டியின் தோளை லேசாகத் தட்டினாள்.

இது மூன்றாவது பள்ளிக்கூடம். முதலாவதில் இந்தப் பெண் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வரவே மாட்டேன் என்றது. இரண்டாவதில் எந்த நிறத்தைக் காட்டினாலும் கறுப்பு என்றது. அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, போகிற வருகிற வண்டிகளின் நிறத்தை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்ததே, அந்தக் கொடுமையை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

வீட்டில் புலி, வெளியில் எலி. அப்படியே அப்பனை உரித்து வைத்திருக்கிறது.

இதைப் பக்கத்தில் இருந்த புருஷனிடம் சிரித்த முகத்தோடு சொன்னாள். தமிழில் இல்லை, அந்த மொழியில்.

கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் வெளிநாட்டில் ஒரே ஹோட்டலில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட மொழி அது. தமிழில் சொல்ல நாக்குக் கூசிய காதலை அதில்தான் கூசாமல் சொல்லிக்கொண்டார்கள். ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் லிஃப்டில், பஸ்ஸில், ஏன், மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவர் தலையையும் உருட்டினார்கள். ஒருத்தருக்கும் புரியாது. அடடா, அந்தச் சுகம் இருக்கிறதே!

குட்டி பிறந்த பிறகு அது சண்டை மொழியாகிவிட்டது. பிள்ளை காதில் விழக்கூடாது பாருங்கள். தமிழில் "சாப்பிடறீங்களா", "தண்ணி குடும்மா" என்று தேன் ஒழுகும். வசவு, சாபம், பழைய கணக்கு எல்லாம் அதில். அதையும் சிரித்துக்கொண்டேதான் பேச வேண்டும், முகம் கோணினால் பிள்ளை கண்டுபிடித்துவிடும் என்று ஓர் ஏற்பாடு.

சண்டையின் உச்சத்தில் அவன் அவள் உச்சரிப்பைத் திருத்துவான். அவளும் திருத்திக்கொண்டு அதே வசவை மறுபடி ஒழுங்காகச் சொல்லித் தொலைப்பாள். அந்த எரிச்சலுக்கே ஒருத்தனை விட்டுப் போகலாம்.

போகத்தான் போகிறாள். பழைய ஹோட்டலில் மறுபடியும் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே நாள் முழுக்க அந்த மொழியைப் பேசலாம், யாரும் திருத்த மாட்டார்கள். வீட்டில் குழம்பு கொதிக்கும்போது தனியாக நின்று அந்த மொழியில் பேசிப் பார்த்துக்கொள்வாள். வந்தவர்களை வரவேற்பாள், அறைச் சாவி கொடுப்பாள். பேசப் பேச வயசு குறைந்துகொண்டே வரும்.

குட்டியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டால் அன்றைக்கே கிளம்பலாம், சேர்க்காமல் கிளம்பக் கூடாது என்று அவனோடு பேசி முடித்தாகிவிட்டது. குட்டிக்குச் சாதம் ஊட்டிக்கொண்டே, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பேசி முடித்தார்கள்.

இப்போது அவன், உன் வாயில் பாதி அவளுக்கு இருந்திருந்தால் எப்போதோ இடம் கிடைத்திருக்கும் என்றான். அவளும் புன்னகை மாறாமல், இங்கேயும் இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் உன் மூஞ்சியில் விழிக்க வேண்டும், அதற்கு நான் செத்தே போகலாம் என்றாள்.

தலைமையாசிரியைக்கு அந்த மொழி தெரியாது. ஒற்றுமையான குடும்பம் என்று நினைத்திருப்பார். கட்டைகளைப் பெட்டியில் போட்டு மூடினார்.

"கூச்சப்படறது சகஜம்தான். ஆனா ஒரு வார்த்தையாவது பேசினாத்தான் நான் சேர்த்துக்க முடியும். இல்லன்னா அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க."

அடுத்த வருஷம்! அம்மாக்காரி குனிந்து குட்டியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு வார்த்தைடி தங்கம், அம்மாவுக்காகப் பேசுடி என்று கெஞ்சினாள். நிஜமாகவே கெஞ்சினாள்.

குட்டி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே பேசினாள். அந்த மொழியில். அப்பன்காரன் திருத்துவதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை.

பேச மாட்டேன் அம்மா, பேசினால் நீ போய்விடுவாய் என்றாள்.

அப்பன்காரன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினான். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

தலைமையாசிரியை கை தட்டிவிட்டார். இந்த வயதில் வேற்று மொழியை இப்படித் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுகிற பிள்ளையை இந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் பார்த்ததே இல்லையாம். சேர்க்காமல் விடுவதா? ஆமாம், என்ன சொன்னாள், எனக்கும்தான் கொஞ்சம் சொல்லுங்களேன் என்று ஆசையாகக் கேட்டார்.

குட்டி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று அவள் வாயையே பார்த்தாள்.

அம்மாக்காரிக்குப் பிள்ளையை அப்படியே அள்ளிக்கொண்டு வெளியே ஓடிவிட வேண்டும் போலிருந்தது. இன்னும் ஒரு வருஷம் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

குட்டியின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"இந்த ஸ்கூல் ரொம்பப் பிடிச்சிருக்காம் மேடம். நாளைக்கே வரேங்கறா."