ஷெட்டுக்குப் புது வெளிச்சம்

மகன் கார் வாங்கப்போகிறான் என்று தணிகாசலம் தானாகவே முடிவு செய்துகொண்டார். இல்லாவிட்டால் உடைசல் சாமான் அடைந்துகிடந்த ஷெட்டுக்கு எதற்கு டைல்ஸ், எதற்கு இவ்வளவு பெரிய எல்இடி லைட்? டைல்ஸ் போட வந்த அந்தோணியின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சொரசொரப்பான டைல்ஸ்தானே? மழை நாள்ல சக்கரம் வழுக்கக் கூடாது பாருங்க." நேற்று மாட்டிய லைட்டை எரியவிட்டுக் காட்டினார். "வெள்ளை வண்டின்னா பளிச்சுனு இருக்கும்."

மகன் ஆபீஸுக்குக் கிளம்பி வந்தான். கலவை கொட்டும் முன் அந்தோணி அவனிடம் கேட்டார்.

"சார், தரையைக் கேட் பக்கம் வாட்டமா இறக்கிடட்டுமா? வண்டி கழுவுற தண்ணி தானா ஓடிடும்."

மகன் ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டான்.

"வாட்டம் வேணாம். சமமாப் போட்டுடுங்க. அப்பா கட்டில் ஆடும்."

பைக் சத்தம் தெருமுனை தாண்டும்வரை அந்தோணி கலவைக் கரண்டியைத் தொடவில்லை. தணிகாசலம் எழுந்து நாற்காலியை உள்மூலைக்கு இழுத்துப் போட்டார். அதில் சாய்ந்து, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து மேலே பார்த்தார்.

"தம்பி, எலக்ட்ரீசியன்கிட்ட லைட்டைக் கொஞ்சம் தள்ளி மாட்டச் சொல்லுங்க. படுத்தா நேரா கண்ணுல அடிக்கும்."