மேற்கே நின்ற ட்ரோன்

"ஏங்க, ஷெட்டைத் தொறக்காதீக! அந்தா பாருங்க, மேக்க ட்ரோன் நிக்குது!"

கருப்பம்மாள் கை காட்டிய பக்கம் ஊர்க்காவலன் பார்த்தார். அப்போதுதான் பொழுது விழுந்திருந்தது. வேப்பமரத்துக்கு மேலே வெள்ளை வெளேரென்று ஒரு வெளிச்சம் அசையாமல் நின்றது.

"ட்ரோனா?"

"பின்ன? வீட்டுல வச்சு வெடி செய்றவுகளப் பிடிக்க ட்ரோன் விடுறாகன்னு ஊரே பேசுதே. அம்புட்டு ஒசரத்துல இருந்தே போட்டோ எடுத்துருவாகளாம்."

ஊர்க்காவலன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கொல்லையில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

பகலில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தாயில்பட்டிப் பக்கம் லைசென்ஸ் உள்ள பட்டாசுக் கம்பெனியில் வேலை. அது போதாதென்று வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு, சாயங்காலமானால் திருட்டுத்தனமாக வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தார் மனிதர். கேட்டால், மகள் ஓவியாவின் காலேஜ் படிப்புக்காம். போன மாதம் பக்கத்து ஊரில் இதே மாதிரி ஒரு ஷெட் ஆளோடு சேர்ந்து வெடித்துப் போனது. அன்றிலிருந்து கருப்பம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். ஆள் அசைந்தால்தானே!

பெண்டாட்டி சொல்லிக் கேட்காதவர் ட்ரோனுக்கு அடங்கிவிட்டார். மறுநாளும் அது வந்தது, அதே இடத்தில் நின்றது. அவரும் கட்டிலில் உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் அண்ணாந்து பார்க்காமல் வேறென்ன செய்வார்?

"ஏத்தா ஓவியா, உச்சிக்குக் கிட்ட மின்னாம நிக்குதே, அது என்னது?"

"வியாழன்ப்பா. அதுக்குள்ள நம்ம பூமி மாதிரி ஆயிரத்துக்கு மேல போட்டு அடைக்கலாம்."

"அடேயப்பா! கெழக்க செவப்பா இருக்கே?"

"செவ்வாய். இப்ப நமக்கு ரொம்பக் கிட்ட வந்திருக்கு."

"நாங்க எம்புட்டு மருந்து கலந்தாலும் இந்தக் கலரு வராதுத்தா. திரி இல்ல, பொக இல்ல, சத்தம் இல்ல. என்னமா எரியுது பாரு!" மனிதருக்கு வாய் மூடவில்லை. "சரி, வெள்ளியக் காணோமே?"

ஓவியா அம்மாவைப் பார்த்தாள்.

"அது விடியக்காலம்ல வரும்" என்று முந்திக்கொண்டாள் கருப்பம்மாள்.

அடுப்படியில் ஓவியா பிடித்துக்கொண்டாள். "யம்மா, வெள்ளியப் போயி ட்ரோன்னு சொல்லி வச்சிருக்கியே! அப்பா கண்டுபிடிச்சுட்டா?"

"அவுகளுக்கு என்ன தெரியும்? நீ வாய மூடிக்கிட்டு இரு."

"பங்குனி பொறந்துட்டா அது சாயங்காலம் தெரியாதும்மா. விடியக்காலத்துக்கு மாறிரும்."

கருப்பம்மாளின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

தை போனது, மாசி போனது. தினமும் மூவரும் கொல்லையில் உட்கார்ந்து அவித்த கடலையைத் தின்றுகொண்டே வானம் பார்த்தார்கள். மூன்றாம் பிறை வந்த அன்று, "ட்ரோனுக்குப் பக்கத்துல பெறை நிக்கிறது எம்புட்டு அழகு!" என்று ஊர்க்காவலனே சொன்னார். கருப்பம்மாளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த வெளிச்சம் நாளுக்கு நாள் கீழே இறங்க இறங்க, பங்குனிக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவள் காலண்டரைப் பார்த்து எண்ணினாள்.

பங்குனியில் ஒரு நாள் அது வரவே இல்லை. மறுநாளும் இல்லை.

அவர் என்னவோ வழக்கம் போலக் கட்டிலில்தான் உட்கார்ந்தார். இன்றைக்கு எழுந்து போவாரோ, நாளைக்குப் போவாரோ என்று பத்துப் பதினைந்து நாள் செத்துச் செத்துப் பிழைத்தவள், பொறுக்கமாட்டாமல் தானே கேட்டுவிட்டாள்.

"ஏங்க, ட்ரோனுதான் வரலையே. ஷெட்டுக்குப் போகலையா?"

"ஷெட்டுல என்ன இருக்கு? மருந்தையெல்லாம் தையிலயே ஏஜெண்டுகிட்டத் திருப்பிக் குடுத்தாச்சு."

கருப்பம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ட்ரோனுக்கு அம்புட்டுப் பயமா?"

ஊர்க்காவலன் சிரித்தார். "ஒன் ட்ரோன் எங்கயும் போகல புள்ள. இன்னைக்கு விடியக்காலம் கம்பெனி வேனுக்கு நிக்கையில பாத்தேன், கெழக்க வந்துருச்சு. இருவது வருசமா அங்கன நிக்கிறவனுக்கு வெள்ளியத் தெரியாதா? பொய்யே சொல்லத் தெரியாதவ, பொய் சொல்ற அளவுக்குப் பயந்து கெடக்கியேன்னுதான் அன்னைக்கே சாவிய இடுப்புல சொருகுனேன்."