அடி பம்பும் சேர்த்து

"அய்யய்யோ, இன்னா நாத்தம் இது!"

வாசற்படியில் ஒரு காலை வைத்ததுமே ராஜவேலு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். பின்னால் வந்த சந்திரா திடுக்கிட்டு நின்றாள்.

கல்யாணம் ஆனதிலிருந்து மாதனூரில் வாடகை வீடு. இப்போதுதான் முதன்முதலாகச் சொந்தமாக ஒரு வீடு பார்க்க ஆம்பூருக்கு வந்திருக்கிறார்கள். முகப்பில் சிமென்டால் 1981 என்று போட்டு நீல வர்ணம் பூசியிருந்தது. வர்ணம்கூட இன்னும் சரியாகக் காயவில்லை. அதைப் பார்த்ததுமே அவளுக்கு வீடு பிடித்துவிட்டது. இந்த மனுஷர் உள்ளே போவதற்கு முன்பே மூக்கைப் பொத்துகிறாரே!

வீட்டைக் கட்டிய கங்காதரன் சாவிக்கொத்தோடு ஓடி வந்தார்.

"நாத்தமா? இன்னிக்கா?"

"இன்னிக்கு இன்னா, நாளைக்கு இன்னா? பின்னாலயே தோல் பதம் பண்ற ஷாப்பு செவுரு நிக்குது. அடிக்காம இன்னா பண்ணும்?"

"இன்னிக்கு அடிக்கக் கூடாதே தம்பி..." கங்காதரன் இழுத்தார். முகம் சுருங்கிவிட்டது. "நீ மொதல்ல உள்ள வந்து பாரு. பள்ளிகொண்டாலேருந்து மேஸ்திரி வெச்சுக் கட்டினேன். கதவு பூரா தேக்கு."

"தேக்கை மூக்குலயா வெச்சுக்க முடியும்? எனக்கு இந்த நாத்தமெல்லாம் பழக்கமில்லீங்க. வாந்தி வருது."

சந்திராவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு மெல்ல மூச்சை இழுத்துப் பார்த்தாள். புதுச் சுண்ணாம்பு வாசனை. கதவின் வார்னிஷ் வாசனை. வேறு ஒன்றும் இல்லை.

அவன் கண் போன திசையைப் பார்த்தாள். பக்கச் சந்து வழியே கொல்லையில் ஓர் அடி பம்பு தெரிந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பம்பு இல்லாத வீட்டுக்கு நான் வரமாட்டேன். தெருக் குழாய்ல சண்டை போட்டுப் போட்டுத் தொண்டையே போச்சு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள் அவள்தான். கங்காதரனோ, பம்பு கட்டட வேலைக்காகப் போட்டது, வீட்டோடு சேர்த்தி இல்லை, கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று தரகரிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"வீடு வேணாங்க. வா சந்திரா, போலாம்."

"இரு தம்பி, இரு. பேஜார் பண்ணாதே. ஜன்னலைச் சாத்திட்டா தெரியாது."

"ஜன்னலைச் சாத்திக்கினு குடும்பம் நடத்தச் சொல்றீங்களா?"

கங்காதரன் அங்குமிங்கும் பார்த்தார். பிறகு சந்திராவிடம் வந்தார்.

"ஏம்மா, நீ சொல்லு. பொம்பளைங்க மூக்கு பொய் சொல்லாது. நெஜமாவே அடிக்குதா?"

ராஜவேலு அவளைப் பார்த்தான். அவள் பம்பைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"தலை சுத்துதுங்க. கொஞ்சம் மூஞ்சி கழுவினாத் தேவலாம்."

கங்காதரனே ஓடிப்போய் பம்பை அடித்தார். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. சந்திரா முகம் கழுவினாள், வாய் கொப்பளித்தாள், ஒரு கை அள்ளிக் குடித்தும் பார்த்தாள். நல்ல தண்ணீர். பம்பின் பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

"இது ஒண்ணு இருந்தா எப்படியாவது சமாளிச்சுக்கலாம்" என்றாள், பிடியை விடாமல்.

கங்காதரன் பம்பைப் பார்த்தார். பின்சுவரைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"சரி, எடுத்துக்கோ. பம்பும் சேர்த்து. ஆனா வெத்தலை பாக்கு இன்னிக்கே மாத்திக்கணும். நாளைக்கு கீளைக்குன்னு சொல்லக்கூடாது."

மாற்றிக்கொண்டார்கள். ராஜவேலு சைக்கிளை எடுக்கப் போனான். பம்படியில் கைப்பையை விட்டுவிட்டது சந்திராவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. எடுக்கப் போனவள், கங்காதரன் குரலைக் கேட்டு அப்படியே நின்றாள். அவர் மதில் ஓரம் நின்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா தில்ஷாத், இன்னிக்குக்கூடவா நாத்தம் அடிக்குது?"

"வெள்ளிக்கிழமை ஏதுண்ணா நாத்தம்? ஷாப்பு லீவாச்சே."

"அதானே! அதுக்குத்தானே வெள்ளிக்கிழமையாப் பாத்து வரச் சொன்னேன். முப்பது வருஷம் ஷாப்புலயே கெடந்ததுல என் மூக்குக்கு ஒரு எழவும் தெரியறதில்லே. அந்தப் பொண்ணும் மூக்கைப் பொத்திச்சா, பயந்துட்டேன்."

சந்திரா பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கேரியரில் ஏறினாள். தெருமுனை திரும்பும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னாடி?"

"நல்லா அளந்தீங்க போங்க. இன்னிக்கு அங்க நாத்தமே இல்லே. வெள்ளிக்கிழமை, ஷாப்பு லீவு."

சைக்கிள் ஆடி நின்றது.

"அட, ஆமா! அதனாலதானே எனக்கும் லீவு!" ராஜவேலு தலையில் அடித்துக்கொண்டான். "செவுத்தைப் பாத்தேன், அடிக்கும்னு அடிச்சு விட்டேன். பதினஞ்சு வருஷமா சுண்ணாம்புத் தொட்டியில எறங்கித் தோல் அலசறவன் மூக்குக்கு இன்னாடி தெரியும்? நீ முந்தானையால பொத்தினதும்தான் எனக்கே நம்பிக்கை வந்துச்சு!"