தேமல் கார்டு

மூவாயிரம் அட்டவணைக் கார்டுகளில், சோதனைக்கு வந்த அதிகாரி ஜெபதுரையின் கையில் முதலில் அகப்பட்டது அந்த ஒன்றுதான்.

மேலே 'தேமல்' என்று தலைப்பு. கீழே, தொழுநோய் பற்றிய ஒரு புத்தகத்தின் எண்.

அதை உருவி மேஜைமேல் போட்டார். "என்னய்யா இது?"

நூலகர் திம்மராயன் கார்டை எட்டிப் பார்த்தான். ஓசூரை ஒட்டிய அந்தக் கிளை நூலகத்தில் அறுபத்தேழிலிருந்து அவனுக்குத் தற்காலிக வேலை. புத்தக அட்டவணை ஒழுங்காக இருக்கிறதென்று இன்றைக்கு இவர் எழுதிக் கொடுத்தால் நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தேமல் வேறு, தொழுநோய் வேறு, இதுகூடத் தெரியாமலா நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறீர் என்று கேட்டார் ஜெபதுரை. திருநெல்வேலிக்காரர். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பெட்டியை இழுத்தார். உருளைக்கிழங்குப் புத்தகத்துக்கு 'ஆலுகட்டை' என்று ஒரு கார்டு வந்தது.

"இது கன்னடமாச்சே."

தளிப் பக்கத்து விவசாயிகள் அப்படித்தான் தேடுகிறார்கள் என்றான் திம்மராயன். முதலில் விதிப்படிதான் எழுதினானாம். ஒரு மாதம் கவனித்துப் பார்த்ததில், கார்டைப் புரட்டியவர்களில் பத்துக்கு ஏழு பேர் வெறுங்கையோடு போயிருந்தார்கள். புத்தகம் அலமாரியில் இருந்தது. அவர்களுடைய வார்த்தைதான் பெட்டியில் இல்லை. அதிலிருந்து, வந்தவர்கள் கேட்ட வார்த்தைக்கெல்லாம் ஒரு கார்டு எழுதிச் செருகிவிட்டான்.

"நாளைக்கு ஒருத்தன் தெலுங்குல கேட்பான். அதுக்கும் எழுதுவீரோ?"

"எழுதிட்டேன் சார். கத்தரிக்காய்க்கு வங்காயான்னு 'வ' பெட்டியில இருக்கு."

ஜெபதுரை சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார்.

"காய்கறியை விடும். இது நோய். தொழுநோய்னு பேரைச் சொல்லித் தேடுறதுல என்னய்யா வெட்கம்?"

திம்மராயன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அந்தப் பேருல தேடறதை யாராச்சும் பாத்துட்டா ஊருல என்ன ஆவும் சார்? ஒடம்புல வெளுப்பா ஒரு திட்டு வந்தவன், சாமி, தேமலா இருக்கணுமேன்னு தேமலைத்தான் தேடுவான். அவன் கைக்குத்தான் இந்தப் புத்தகம் போய்ச் சேரணும். அந்த எடத்துல உணர்ச்சி இருக்குதா, மரத்துப் போயிருக்குதான்னு எப்படிப் பாக்கறதுன்னு மொதல் பாடத்துலயே போட்டிருக்கு. மரத்திருந்தாலும் மாத்திரையில தீரும்னு போட்டிருக்கு."

ஜெபதுரை பேனாவை மூடினார். பிறகு, அப்படி என்னதான் எழுதியிருக்கிறது, சரிபார்க்க வேண்டும் என்று புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். நின்றபடியே நாலு பக்கம் படித்தார்.

"ஒரு குண்டூசி கொடும்."

கார்டை அறிக்கையோடு சேர்த்துக் குத்தி மேலிடத்துக்கு அனுப்பப்போகிறார். வேலை போயிற்று. திம்மராயன் குண்டூசியை எடுத்து நீட்டினான்.

ஆனால் கார்டு மேஜைமேலேயே கிடந்தது. ஜெபதுரை புத்தகத்தையும் குண்டூசியையும் எடுத்துக்கொண்டு கடைசி அலமாரிக்குப் பின்னால் போனார்.

வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஸ்ஸ்... ஆ" என்று ஒரு குரல்.

திம்மராயன் பதறி எழுந்தான். அதற்குள் அவரே வந்துவிட்டார், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. கண் கலங்கியிருந்தது. கார்டை எடுத்து இருந்த இடத்திலேயே செருகிப் பெட்டியை மூடினார். அறிக்கையில் 'அட்டவணை மிகவும் திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"வலிக்குதுய்யா," என்றார். "மூணு மாசமா சம்சாரத்துக்கிட்டகூடக் காட்டலை. நல்லா வலிக்குது."